பாஸ்வேர்டு விதிகள் ஏன் தோற்கின்றன? எனிக்மாவை உடைத்த மரியான் ரெயெவ்ஸ்கியின் கதை

ஆபீஸ் கம்ப்யூட்டர் புது பாஸ்வேர்டு கேட்கிறது. குறைந்தது எட்டு எழுத்து, ஒரு கேப்பிட்டல் லெட்டர், ஒரு எண், ஒரு சிறப்புக் குறி. எல்லாம் கட்டாயம். நாம் என்ன செய்கிறோம்? பழைய பாஸ்வேர்டின் முதல் எழுத்தை கேப்பிட்டல் ஆக்கி, கடைசியில் @123 சேர்த்துவிடுகிறோம். பச்சை டிக் வந்துவிடுகிறது. ஸ்ட்ராங் பாஸ்வேர்டு என்று சிஸ்டமே சர்டிபிகேட் கொடுத்துவிடுகிறது. அவ்வளவுதான், வேலை முடிந்தது.

கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் 1930-களில் ஜெர்மன் ராணுவத்தின் ரேடியோ ஆபரேட்டர்களும் செய்தார்கள். அவர்கள் கையில் இருந்தது எனிக்மா என்ற ரகசியக் குறியீட்டு இயந்திரம். யாராலும் உடைக்க முடியாது என்று ஜெர்மனி நம்பிய இயந்திரம் அது. ஆபரேட்டர்களின் 'இது போதும்' மனநிலையைப் பிடித்துக்கொண்டு அதற்குள் நுழைந்தவர், 27 வயது போலந்து கணிதவியலாளர் மரியான் ரெயெவ்ஸ்கி.

எனிக்மா என்றதும் ஆலன் டூரிங் பெயர்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால், டூரிங் அந்த வேலையில் இறங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1932 டிசம்பரில் எனிக்மாவின் உள் அமைப்பைத் தாளில் கணக்குப் போட்டே கண்டுபிடித்தவர் ரெயெவ்ஸ்கி. யார் இவர்? நம் பாஸ்வேர்டுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

ஜெர்மன் தெரிந்த கணித மாணவர்

1905 ஆகஸ்ட் 16 அன்று பிட்கோஷ்ச் நகரில் பிறந்தார் ரெயெவ்ஸ்கி. இன்று போலந்தில் இருக்கும் அந்த ஊர், அன்று ஜெர்மானியப் பேரரசின் கையில் இருந்தது. பெயரும் வேறு: பிராம்பெர்க். அப்பா சுருட்டு வியாபாரி. ஊர் அப்படி இருந்ததால் ரெயெவ்ஸ்கிக்கு ஜெர்மன் மொழி சின்ன வயதிலேயே வசப்பட்டது. முதல் உலகப் போர் முடிந்து போலந்து சுதந்திர நாடானது. ரெயெவ்ஸ்கி போஸ்னான் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்தார்.

1929-இல் அங்கே ஒரு ரகசிய வகுப்பு தொடங்கியது. நடத்தியது போலந்து ராணுவத்தின் சைஃபர் பீரோ, அதாவது எதிரிகளின் ரகசியக் குறியீடுகளை உடைக்கும் பிரிவு. கணிதமும் ஜெர்மனும் தெரிந்த மாணவர்கள்தான் அவர்களுக்குத் தேவை. ரெயெவ்ஸ்கி, ஹென்ரிக் ஜிகால்ஸ்கி, யெர்ஸி ருஜிட்ஸ்கி ஆகிய மூவரும் அந்த வகுப்பில் இருந்தார்கள்.

இதை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்ளும் எண்ணம் ரெயெவ்ஸ்கிக்கு அப்போது இல்லை. இன்ஷூரன்ஸ் கணிதம் படிக்க ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1930-இல் திரும்பிவந்து போஸ்னானில் பாடம் எடுத்தார். கூடவே சைஃபர் பீரோவில் பார்ட் டைம் வேலை. 1932 செப்டம்பரில் மூவரும் வார்சாவில் முழுநேர வேலைக்குச் சேர்ந்தார்கள். சில வாரங்களில் ரெயெவ்ஸ்கியை மட்டும் தனி அறைக்கு அழைத்து எனிக்மாவைக் கொடுத்தார்கள். மற்ற இருவரிடமும் இதைப் பற்றி அப்போது சொல்லவில்லை.

எனிக்மா எப்படி வேலை செய்தது?

பார்க்க டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். ஒரு எழுத்தை அழுத்தினால், வேறொரு எழுத்தின் மேல் விளக்கு எரியும். அந்த எழுத்தை எழுதிக்கொண்டு ரேடியோவில் அனுப்ப வேண்டும். உள்ளே மூன்று சுழலும் சக்கரங்கள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சக்கரம் நகரும் என்பதால், ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தினாலும் வெவ்வேறு எழுத்து வரும். முன்பக்கத்தில் எழுத்துகளை ஜோடி ஜோடியாக மாற்றும் ஒயர்கள்.

எத்தனை வாய்ப்புகள் தெரியுமா? மூன்று சக்கரங்களின் நிலைகள் மட்டும் 17,576. அந்தச் சக்கரங்களை மாட்டும் வரிசை ஆறு விதம். ஆறு ஜோடி ஒயர்களை மாட்டும் விதங்கள் மட்டும் 10,039 கோடிக்கு மேல். எல்லாவற்றையும் பெருக்கினால் வரும் எண்ணை ஒவ்வொன்றாக முயன்று பார்க்க, கம்ப்யூட்டர் இல்லாத அந்தக் காலத்தில் வழியே இல்லை.

இந்த இயந்திரத்துக்கு இரண்டு அடுக்கு 'பாஸ்வேர்டு' இருந்தது. முதலாவது, அன்றைய நாளுக்கான அமைப்பு. அது அச்சடித்த புத்தகத்தில் இருக்கும், எல்லோருக்கும் ஒன்றே. இரண்டாவது, ஒவ்வொரு செய்திக்கும் தனியாக மூன்று எழுத்து. இதை ஆபரேட்டரே தன் இஷ்டத்துக்குத் தேர்வு செய்யலாம். ரேடியோவில் இரைச்சல் வந்து எழுத்து மாறிவிடக் கூடாது என்பதற்காக, அந்த மூன்று எழுத்தை இரண்டு முறை அடித்து, வரும் ஆறு எழுத்தை செய்தியின் தலைப்பில் அனுப்ப வேண்டும்.

இந்த இரண்டாவது பாஸ்வேர்டைத்தான் ரெயெவ்ஸ்கி குறிவைத்தார்.

மூன்று எழுத்து சோம்பல்

ஒரே மூன்று எழுத்தை இரண்டு முறை அடிப்பதால், ஆறு எழுத்தில் முதல் எழுத்தும் நான்காவது எழுத்தும் உண்மையில் ஒரே எழுத்தின் இரண்டு மாறுவேஷங்கள். இரண்டாவதும் ஐந்தாவதும் அப்படியே. மூன்றாவதும் ஆறாவதும் அப்படியே. ஒரே நாளில் போதுமான செய்திகள் சிக்கினால், எந்த எழுத்து எந்த எழுத்தோடு தொடர்புடையது என்று முழு அட்டவணை போட்டுவிடலாம். இந்தத் தொடர்புகள் சங்கிலி வளையங்களாக அமைவதையும், அந்த வளையங்களின் நீளத்தை முன்பக்க ஒயர்கள் மாற்றுவதில்லை என்பதையும் ரெயெவ்ஸ்கி கண்டார். பத்தாயிரம் கோடி வாய்ப்புகள் இந்த ஒரு கணக்கில் ஓரமாக ஒதுங்கிவிட்டன.

ஆனால், வளையங்கள் சரியான விடையை மட்டும் தருவதில்லை, சாத்தியமான பல விடைகளைத் தருகின்றன. அவற்றில் எது உண்மை என்று எப்படித் தெரிவது?

இங்கேதான் கணிதத்தோடு மனித குணமும் சேர்ந்தது. நாளைக்குப் பல செய்திகள் அனுப்பும் ஒரு ஆபரேட்டர், ஒவ்வொரு முறையும் மூன்று எழுத்து யோசிக்க வேண்டும். அலுப்பாக இருக்கும். அப்போது கை எங்கே போகும்? ஏ ஏ ஏ, பி பி பி என்று ஒரே எழுத்தை மூன்று முறை தட்டிவிடும். ரெயெவ்ஸ்கி அப்படித்தான் ஊகித்தார். சாத்தியமான விடைகளில் எதை எடுத்தால் இப்படிப்பட்ட எழுத்துகள் நிறைய வருகின்றன என்று பார்த்தார். ஊகம் சரியாக இருந்தது.

அடுத்து, சக்கரங்களுக்குள் ஒயர்கள் எப்படிப் போகின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். ஜெர்மன் சைஃபர் அலுவலகத்தில் இருந்த ஹான்ஸ்-தீலோ ஷ்மிட் என்பவர் பிரெஞ்சு உளவுத்துறைக்கு விற்ற ஆவணங்கள் போலந்துக்கும் வந்துசேர்ந்தன. அவற்றில் சில மாதங்களுக்கான தினசரி அமைப்புகள் இருந்தன. அவற்றை வைத்தும் சமன்பாடுகள் தீரவில்லை. காரணம், கீபோர்டிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஒயர் வரிசை. கடைகளில் விற்ற பழைய எனிக்மாவில் அது கீபோர்டு வரிசையிலேயே இருந்தது. ராணுவ மாடலில்?

ஜெர்மானியர்கள் ஒழுங்கை விரும்புபவர்கள், ஒருவேளை சாதாரண அகர வரிசையிலேயே மாட்டியிருப்பார்களோ என்று ரெயெவ்ஸ்கி முயன்று பார்த்தார். அதேதான்! பல ஆண்டுகள் கழித்து இந்த ரகசியத்தைக் கேட்ட பிரிட்டன் நிபுணர் டில்லி நாக்ஸ் நொந்துபோனார். இவ்வளவு எளிதாக இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

1932 டிசம்பர் முடிவதற்குள் ஒயர் அமைப்பு ரெயெவ்ஸ்கியின் தாளில் இருந்தது. ராணுவ எனிக்மா ஒன்றை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அடுத்த மாதம், 1933 ஜனவரி 30 அன்று, ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலர் ஆனார்.

தடை போட்டால் சரியாகிவிடுமா?

ஒரே எழுத்தை மூன்று முறை அடிப்பது ஆபத்து என்று ஜெர்மன் ராணுவத்துக்கே ஒரு கட்டத்தில் உறைத்தது. தடை போட்டார்கள். ஏ ஏ ஏ இனி கூடாது. இன்றைய சிஸ்டம் 'பாஸ்வேர்டில் எண் இருக்க வேண்டும்' என்று சொல்வது போன்ற ஒரு விதி.

என்ன நடந்தது? ஆபரேட்டர்கள் விதிக்குக் கட்டுப்பட்டார்கள். கொஞ்சம் அதிகமாகவே கட்டுப்பட்டார்கள். தடை செய்யப்பட்டவை 26 சேர்க்கைகள்தான். அவர்களோ எந்த எழுத்தும் இரண்டு முறைகூட வராமல் பார்த்துக்கொண்டார்கள். கணக்குப் போட்டால், மொத்தமுள்ள 17,576 சேர்க்கைகளில் 1,976 தானாகவே காணாமல் போய்விடும். வேறு சிலர் கீபோர்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளைத் தட்டினார்கள். க்யூ, டபிள்யூ, இ. அல்லது ஏ, எஸ், டி.

ரெயெவ்ஸ்கிக்குப் பழைய தடயம் போய், புதுத் தடயம் கிடைத்தது. எழுத்து திரும்ப வராத விடை எது என்று தேடினால் போதும்.

தன் அனுபவத்திலிருந்து அவர் பிற்காலத்தில் எழுதிவைத்த கருத்து இதுதான்: ஞாபகமும் உணர்வும் உள்ள மனிதனால் தற்செயலை முழுமையாக நடிக்க முடியாது. எங்கே நடிப்பு தவறுகிறதோ, அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்துவது குறியீடு உடைப்பவரின் வேலை. ரேண்டமாக இருக்க முயலும் மனிதனும் ஏதோ ஒரு பழக்கத்தைத்தான் பின்பற்றுகிறான். விதி போட்டால் பழக்கம் மாறும், போகாது.

இயந்திரம் வலுவானது, பழக்கம் மாறவில்லை

அடுத்த ஆறு ஆண்டுகள் எலிக்கும் பூனைக்குமான ஓட்டம். ரெயெவ்ஸ்கி ஒரு கருவியை வடிவமைத்தார். அதை வைத்து 1,05,456 சக்கர நிலைகளுக்கும் கார்டு பட்டியல் தயாரானது. அதற்கே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. 1937-இல் ஜெர்மானியர்கள் இயந்திரத்தின் ஒரு பாகத்தை மாற்றியதும் அந்தப் பட்டியல் செல்லாமல் போனது. மறுபடி முதலிலிருந்து. 1938 செப்டம்பரில் செய்தி அனுப்பும் முறையே மாறியது. பதிலுக்கு ரெயெவ்ஸ்கி 'போம்பா' என்ற இயந்திரத்தையும், ஜிகால்ஸ்கி துளையிட்ட தாள்களையும் கொண்டுவந்தார்கள்.

1938 டிசம்பரில் மூன்று சக்கரம் ஐந்தானது. சக்கர வரிசை ஆறிலிருந்து 60 ஆனது. வேலை பத்து மடங்கு. போலந்திடம் அதற்கான பணமும் இல்லை, நேரமும் இல்லை. 1939 ஜூலை கடைசியில், வார்சாவுக்குப் பக்கத்துக் காட்டில் இருந்த பிரி என்ற இடத்துக்கு பிரிட்டன், பிரான்ஸ் நிபுணர்களை அழைத்து, தங்களுக்குத் தெரிந்த அனைத்தையும் ஒப்படைத்தார்கள். ஐந்து வாரங்களில் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது.

போர்க்காலத்தில் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் டூரிங்கும் மற்றவர்களும் இந்த அடித்தளத்தின் மேல்தான் வேலையைத் தொடர்ந்தார்கள். அங்கேயும் ஆபரேட்டர்களின் சோம்பல் கைகொடுத்தது. ஆபரேட்டர் மறைக்காமல் அனுப்பும் மூன்று எழுத்து 'ஹெச் ஐ டி' என்று இருந்தால், மறைத்து அனுப்பும் அடுத்த மூன்று எழுத்து என்னவாக இருக்கும்? 'எல் இ ஆர்'. இரண்டையும் சேர்த்தால் ஹிட்லர். பெர்லினையும் இப்படியே இரண்டாக வெட்டினார்கள். ஐந்து சக்கரம் வந்த பிறகும் பாஸ்வேர்டு தலைவர் பெயரும் தலைநகரின் பெயரும்தான்.

தப்பித்தல், சிறை, பிரிவு

1939 செப்டம்பரில் மனைவி இரேனாவையும் இரண்டு சின்னக் குழந்தைகளையும் விட்டுவிட்டு ரெயெவ்ஸ்கி ருமேனியா வழியாக பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். பிரான்ஸும் வீழ்ந்த பிறகு, அதன் தெற்குப் பகுதியில் ஒளிந்திருந்து ரகசியமாக அதே வேலை. 1942 ஜனவரியில் மத்தியதரைக் கடலில் கப்பல் மூழ்கி ருஜிட்ஸ்கி இறந்துபோனார்.

1943 ஜனவரியில் ரெயெவ்ஸ்கியும் ஜிகால்ஸ்கியும் பிரனீஸ் மலையைக் கடந்தார்கள். வழிகாட்டியாக வந்தவனே துப்பாக்கி முனையில் இருந்த பணத்தைப் பிடுங்கிக்கொண்டான். மலையைத் தாண்டியதும் ஸ்பெயின் போலீஸ் பிடித்துச் சிறையில் போட்டது. மே மாதம்தான் வெளியே வந்தார்கள். பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்களை பிளெட்ச்லி பார்க்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. எனிக்மாவை முதலில் திறந்தவருக்கு, கையால் எழுதும் சாதாரணக் குறியீடுகளை உடைக்கும் வேலைதான் கிடைத்தது.

அவர்களுடைய மேலதிகாரிகள் இருவர் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டார்கள். விசாரணையில் அவர்கள் உண்மையைச் சொல்லவில்லை. போர் முடியும்வரை ஜெர்மனி எனிக்மாவை நம்பியது.

வீடு திரும்பிய பிறகு

1946 நவம்பரில் ரெயெவ்ஸ்கி போலந்து திரும்பினார். குடும்பத்தைப் பார்த்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அடுத்த கோடையில் 11 வயது மகன் ஆந்த்ரேய் போலியோவில் இறந்தான். அதன் பிறகு மனைவியையும் மகளையும் விட்டு எங்கேயும் போக அவருக்கு மனமில்லை. பல்கலைக்கழக வாழ்க்கைக்குத் திரும்பவில்லை. சொந்த ஊரான பிட்கோஷ்சில் கம்பெனி அலுவலக வேலைகள் பார்த்தார். மேற்கு நாடுகளில் இருந்து திரும்பியவர் என்பதால் கம்யூனிஸ்ட் அரசின் ரகசிய போலீஸ் அவரைக் கண்காணித்தது. வேலையும் பறிபோனது. எனிக்மா பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

1967-இல் ஓய்வுபெற்ற பிறகுதான் நடந்தவற்றை எழுதி, ராணுவ வரலாற்று நிறுவனத்தில் ஒப்படைத்தார். உலகத்துக்கு விஷயம் தெரியவந்தது 1973-க்குப் பிறகு. 1980 பிப்ரவரி 13 அன்று வார்சாவில் மாரடைப்பால் இறந்தார். வயது 74. போலந்து அரசு உயரிய விருதை அறிவித்தது 2000-இல். 2007-இல் போஸ்னானில் மூவருக்கும் நினைவுச்சின்னம் வைத்தார்கள்.

நம் பாஸ்வேர்டுக்கு இதில் என்ன இருக்கிறது?

இன்றைய ஹேக்கரும் எல்லாச் சேர்க்கைகளையும் வரிசையாக முயல்வதில்லை. ரெயெவ்ஸ்கி மாதிரி பழக்கத்திலிருந்துதான் தொடங்குகிறார். அவருக்கு வேலை இன்னும் சுலபம். 2009-இல் ராக்யூ என்ற தளத்திலிருந்து மட்டும் 3.2 கோடி பாஸ்வேர்டுகள் கசிந்தன. அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. இப்படிக் கசிந்த பட்டியல்கள், அவற்றில் முதல் எழுத்தை கேப்பிட்டல் ஆக்குவது, 'ஏ'-வுக்குப் பதில் @ போடுவது, கடைசியில் வருஷம் சேர்ப்பது, இவை எல்லாமே ஹேக்கிங் மென்பொருளில் ரெடிமேடாக இருக்கின்றன.

மூன்று தப்புக்கு மேல் போனால் அக்கவுன்ட் லாக் ஆகிவிடுமே என்று கேட்கலாம். லாகின் பக்கத்தில் முயன்றால் ஆகும். நிறுவனத்தின் டேட்டாபேஸ் மொத்தமாகத் திருடு போனால், திருடியவர் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் வைத்து எத்தனை கோடி முறை வேண்டுமானாலும் முயலலாம்.

கேப்பிட்டல், எண், குறி என்ற விதிகளைப் பிரபலப்படுத்தியது அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர நிர்ணய அமைப்பின் வழிகாட்டி. அதை எழுதிய பில் பர், அந்த அறிவுரைகளில் பலவற்றுக்காகப் பின்னாளில் வருத்தம் தெரிவித்தார். 2017-இல் நிஸ்ட் தன் நிலையை மாற்றிக்கொண்டது. இத்தனை வகை எழுத்து கட்டாயம் என்று சொல்ல வேண்டாம், காரணமில்லாமல் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றச் சொல்ல வேண்டாம், நீளமான பாஸ்வேர்டை அனுமதியுங்கள், கசிந்த பட்டியலில் இருந்தால் நிராகரியுங்கள் என்கிறது புதிய வழிகாட்டி. ஆனாலும் பழைய விதிகள் பல சிஸ்டங்களில் அப்படியே இருக்கின்றன. அங்கே லாகின் செய்தாக வேண்டிய நாம் என்ன செய்யலாம்?

* தேர்வை நம்மிடம் விடக் கூடாது: போன், பிரவுசர் எல்லாவற்றிலும் பாஸ்வேர்டு மேனேஜர் இருக்கிறது. அதையே உருவாக்கச் சொல்லலாம். சிஸ்டம் கேட்கும் கேப்பிட்டல், எண், குறி எல்லாவற்றையும் அதுவே சேர்த்துவிடும்.

* மனப்பாடம் செய்ய வேண்டியதற்கு தாயக்கட்டை: மேனேஜரின் மாஸ்டர் பாஸ்வேர்டு, ஆபீஸ் லேப்டாப் போன்ற சிலவற்றை ஞாபகம் வைத்தாக வேண்டும். இதற்கு 'டைஸ்வேர்' என்ற முறை இருக்கிறது. ஆறு முகப் பகடையை ஐந்து முறை உருட்டி, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுக்க வேண்டும். இப்படி நான்கு சொல் எடுத்தாலே 36 கோடி கோடிக்கும் மேற்பட்ட சேர்க்கைகள். முக்கியமானவற்றுக்கு ஆறு சொல் எடுக்கலாம். வந்த சொல் பிடிக்கவில்லை என்று மறுபடி உருட்டினால், அங்கே நம் பழக்கம் உள்ளே வந்துவிடும்.

* விதியைக் கடைசியில் பூர்த்தி செய்யுங்கள்: சொற்களுக்கு நடுவில் ஒரு குறி, எங்காவது ஒரு எண், ஒரு கேப்பிட்டல் லெட்டர் சேர்த்தால் சிஸ்டம் ஏற்றுக்கொள்ளும். பாதுகாப்பு ஏற்கெனவே பகடையிலிருந்து வந்துவிட்டதால், இவை ஊகிக்கக்கூடியதாக இருந்தாலும் பரவாயில்லை.

* நீளம் உதவும், ரேண்டமாக இருந்தால்: சின்ன எழுத்துகள் மட்டுமே உள்ள 12 எழுத்து ரேண்டம் பாஸ்வேர்டுக்கு, கீபோர்டின் 94 எழுத்து, எண், குறிகளும் கலந்த 8 எழுத்து பாஸ்வேர்டைவிட சுமார் 16 மடங்கு சேர்க்கைகள் உண்டு. ஆனால், பிடித்த சினிமா பாட்டின் முதல் வரி எவ்வளவு நீளமாக இருந்தாலும் ரேண்டம் ஆகாது.

* ஒரு கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு: ஒரு ஷாப்பிங் தளத்தில் கசிந்தது ஜிமெயிலைத் திறக்கக் கூடாது. முடிந்த இடங்களில் இரண்டாம் கட்ட சரிபார்ப்பையும் ஆன் செய்துவிடுங்கள்.

அடுத்த முறை பச்சை டிக் வரும்போது ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். சிஸ்டம் பார்ப்பது பாஸ்வேர்டில் என்னென்ன எழுத்துகள் இருக்கின்றன என்பதை. அதை உடைக்க வருபவர் பார்ப்பது நாம் அதை எப்படித் தேர்ந்தெடுத்திருப்போம் என்பதை. விதியை மீறாமல் அடித்த மூன்று எழுத்துகளை வைத்தே ஒரு நாட்டின் ராணுவ ரகசியத்தைத் திறந்தார் ரெயெவ்ஸ்கி.